யார் இந்த ஆலன் டூரிங்? தொப்பூர் லாரியின் பிரேக்குக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

தர்மபுரி மாவட்டம் தொப்பூர் கணவாய் இறக்கம். லாரி டிரைவர் சட்டென பிரேக் அடிக்கிறார். சக்கரம் லாக் ஆனால் வண்டி சறுக்கும். ஏபிஎஸ் இருந்தால், உள்ளே இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் ஒரே நொடியில் பலமுறை பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்கும். இங்கே கணக்கு சரியா இருந்தா மட்டும் போதாது, நேரத்துக்கு வரணும். இப்படி நேரம் தவறாமல் வேலை வாங்கும் மென்பொருள்தான் ரியல் டைம் ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதன் வேரைத் தேடினால் ஆலன் டூரிங்கிடம் போய் நிற்கும்.

போத்தனூர் தொடர்பு

1912 ஜூன் 23-ல் லண்டனில் பிறந்தவர் டூரிங். அப்பா ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் ஐசிஎஸ் அதிகாரி. அம்மா எத்தல் சாரா பிறந்தது நம்ம கோவை போத்தனூரில். அம்மாவின் அப்பா மெட்ராஸ் ரயில்வேயின் தலைமை இன்ஜினியர். பெற்றோர் இந்தியாவில் இருக்க, சிறுவன் ஆலன் இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தின் பொறுப்பில் வளர்ந்தார்.

1936-ல் என்ன கண்டுபிடித்தார்?

இன்றைய கம்ப்யூட்டர் பிறக்காத காலம். ஒரு புரோகிராம் வேலையை முடிக்குமா, முடிவில்லாமல் சுத்திக்கிட்டே இருக்குமா? இதை முன்கூட்டியே சொல்ல, எல்லா புரோகிராமுக்கும் பொருந்தும் ஒரே வழி கிடையாது. டூரிங்கின் 1936 ஆய்வு தந்த முடிவு இது.

அதனால்தான் உயிர் சம்பந்தப்பட்ட கருவிகளில் புரோகிராமை எளிமையாக எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் அதிகபட்ச நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். அதுக்கு மேலேயும் ஒரு காவலாளி உண்டு: வாட்ச்டாக் டைமர். குறித்த நேரத்துக்குள் புரோகிராமிடமிருந்து சிக்னல் வரலைன்னா, சிப்பை ரீசெட் செய்துவிடும்.

நேரத்தோடு ஓட்டம்

1939-ல் போர் வந்ததும் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மனியின் எனிக்மா ரகசியக் குறியீட்டை உடைக்கும் பணியில் சேர்ந்தார். குறியீட்டின் அமைப்பு தினமும் மாறும். தாமதமாகக் கிடைக்கும் விடையால் பெரிய பலன் இல்லை. அந்த வேகத்துக்காக அவர் வடிவமைத்த இயந்திரம்தான் பாம்ப்.

1945-ல் அவர் எழுதிய ஏஸ் கம்ப்யூட்டர் திட்டத்தில், ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தி, விட்ட இடத்தைக் குறித்துவைத்து, இன்னொன்றை முடித்துவிட்டு திரும்பும் முறை இருந்தது. அவசர வேலை குறுக்கே வந்தால் இன்றைய சிப்புகள் செய்வதும் அதே மாதிரிதான்.

தாமதமான மன்னிப்பு

1952-ல் தன்பாலின உறவுக்காக அவருக்குத் தண்டனை. சிறைக்குப் பதில் ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். 1954 ஜூன் 7-ல், 41 வயதில் சயனைடு விஷத்தால் இறந்தார். தற்கொலை என்றது விசாரணை. 2009-ல் பிரிட்டன் பிரதமர் வருத்தம் தெரிவித்தார். 2013-ல் அரச மன்னிப்பு வந்தது. அப்போது அவர் இறந்து 59 ஆண்டுகள் ஆகியிருந்தன.