பொம்மை யுத்தத்துக்கு ரூல்ஸ் எழுதிய எச்.ஜி.வெல்ஸ்... மறுவருஷமே வந்த நிஜ யுத்தம்!

நவராத்திரி நெருங்கும்போது மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போனால் இந்தப் பிரச்சினை புரியும். பண்ருட்டி களிமண் பொம்மை ஒரு உயரம், கொண்டப்பள்ளி மர பொம்மை இன்னொரு உயரம், போன வருஷம் தி.நகரில் வாங்கிய கல்யாண செட் வேறொரு உயரம். எல்லாவற்றையும் ஒரே படியில் வைத்தால் நாதஸ்வரக்காரர் மாப்பிள்ளையைவிட ரெண்டு மடங்கு பெரிசாக நிற்பார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே அழகுதான். சேர்த்து வைத்தால்தான் சிக்கல்.

உலகம் முழுக்க இன்னொரு கூட்டத்துக்கும் இதே தலைவலி உண்டு. சின்னச் சின்ன சிப்பாய் பொம்மைகளைப் பெயின்ட் அடித்து, மேஜை மேல் அணிவகுக்க வைத்து, அளவு டேப்பை வைத்து நகர்த்தி, விதிமுறைப்படி சண்டை போடும் மினியேச்சர் வார்கேமிங் ரசிகர்கள்தான் அவர்கள். எந்த கம்பெனி பொம்மை எந்த கம்பெனி பொம்மையோடு ஒத்துப்போகும் என்பது அவர்களிடையே ஓயாத விவாதம்.

இந்த விளையாட்டுக்கு வீட்டில் ஆடும்படியான முதல் பிரபலமான ரூல் புக்கை எழுதியவர், 'டைம் மெஷின்' எழுதிய அதே எச்.ஜி.வெல்ஸ். பொம்மைப் போர் பழகினால் நிஜப் போர் மீது வெறுப்பு வரும் என்று நம்பினார் அவர். அந்த நம்பிக்கை என்ன ஆனது?

துணிக்கடைப் பையன்

ஹெர்பர்ட் ஜார்ஜ் வெல்ஸ் 1866 செப்டம்பர் 21-ஆம் தேதி இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள ப்ரோம்லி என்ற ஊரில் பிறந்தார். அம்மா சாரா, பெரிய வீடுகளில் பணிப்பெண்ணாக இருந்தவர். அப்பா ஜோசப், பீங்கான் பாத்திரமும் கிரிக்கெட் சாமான்களும் விற்கும் ஒரு நஷ்டக் கடை வைத்திருந்தார். ஆனால் ஜோசப்புக்கு ஒரு கெத்து உண்டு. முதல் தர கிரிக்கெட்டில் 4 பந்துகளில் 4 விக்கெட் எடுத்த முதல் பௌலர் அவர்தான். 1862-இல் சசெக்ஸ் அணிக்கு எதிராக அதைச் செய்தார்.

7 வயதில் வெல்ஸுக்குக் கால் உடைந்தது. படுக்கையில் கிடந்த நாட்களில்தான் புத்தகப் பைத்தியம் பிடித்தது. சில வருஷங்களில் அப்பாவுக்கும் கால் உடைந்தது. கிரிக்கெட்டில் வந்த கொஞ்சநஞ்ச வருமானமும் போனது.

குடும்பக் கஷ்டத்தில் வெல்ஸை ஜவுளிக்கடை வேலைக்கு அனுப்பினார்கள். சவுத்சீ என்ற ஊரில், தினமும் சுமார் 13 மணி நேரம் வேலை. மற்ற பையன்களோடு ஒரே கூடத்தில் தூக்கம். ஜவுளிக்கடை ஊழியர்கள் நாள் முழுக்க நிற்கும் கொடுமை நமக்குத் தெரியாததல்ல. அவர்கள் உட்காரத் தமிழ்நாட்டில் சட்டமே 2021-இல்தான் வந்தது. வெல்ஸ் அந்த வேலையை வெறுத்து வெளியேறினார். ஸ்காலர்ஷிப் கிடைத்து, 1884-இல் லண்டனில் விஞ்ஞானி தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார்.

அதற்குப் பிறகு நடந்தது ஊரறிந்த கதை. 1895-இல் 'டைம் மெஷின்', 1897-இல் 'இன்விசிபிள் மேன்', 1898-இல் 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்'. 30-களின் தொடக்கத்திலேயே அவர் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர்.

தரையில் தொடங்கிய போர்

கடலோர ஊரான சாண்ட்கேட்டில் வெல்ஸ் வீடு கட்டினார். ஜிப், ஃபிராங்க் என்று இரண்டு மகன்கள். அப்பாவும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து மரக்கட்டைகளால் ஊர் கட்டி விளையாடினார்கள். அதை 1911-இல் 'ஃப்ளோர் கேம்ஸ்' என்று புத்தகமாகவே போட்டார்.

போர் விளையாட்டு தொடங்கியது ஒரு பொம்மை பீரங்கியால். ஸ்பிரிங் வைத்த அந்தக் குட்டி பீரங்கி, ஒரு அங்குல நீள மரக்குச்சியைச் சுடும். நன்றாகக் குறி பார்த்தால் 27 அடி தூரத்தில் நிற்கும் சிப்பாயைக்கூட வீழ்த்தலாம். ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு வெல்ஸும் நண்பர் ஒருவரும் சும்மா சிப்பாய்களை நிறுத்திச் சுட்டுப் பார்த்தார்கள். யார் அதிகம் வீழ்த்துகிறார்கள் என்ற போட்டி வந்தது. சிப்பாய்கள் நகர்ந்தால் எப்படி இருக்கும், வீட்டுக்குப் பின்னால் ஒளிந்தால் எப்படி இருக்கும் என்று யோசனை வளர்ந்தது. அப்படி உருவான விதிகள்தான் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற புத்தகமாக வந்தன.

வெல்ஸுக்கு முன்பே போர் விளையாட்டு உண்டு. பிரஷ்ய ராணுவம் 1824-லிருந்தே அதிகாரிகளுக்கு வரைபடத்தின் மேல் அப்படிப் பயிற்சி கொடுத்தது. ஆனால் அது ராணுவத்தின் பாடம். அதை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தவர் வெல்ஸ்.

எந்த கம்பெனி சிப்பாய் பெஸ்ட்?

இங்கேதான் கொலு பிரச்சினை வெல்ஸுக்கும் வந்தது. அன்று மார்க்கெட்டில் இருந்த முக்கியமான தயாரிப்பாளர்கள் மூன்று பேர்.

* ஹைன்ரிக்சன், நியூரம்பெர்க்: தகடு மாதிரித் தட்டையான வெள்ளீயச் சிப்பாய்கள். உயரம் சுமார் 30 மி.மீ. பக்கவாட்டில் பார்த்தால் ஓவியம்போல இருக்கும், நேராகப் பார்த்தால் ஒரு கோடுதான் தெரியும்.
* ஹைடே, டிரெஸ்டன்: முழு உருவ, கெட்டியான ஈயச் சிப்பாய்கள். விதவிதமான போஸ்கள், செம உயிரோட்டம். ஆனால் பல அளவுகளில் வந்தன.
* பிரிட்டன்ஸ், லண்டன்: 1893-இல் வில்லியம் பிரிட்டன் ஜூனியர் ஒரு உத்தியைக் கொண்டுவந்தார். உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் இறுகியதும் மீதியை வெளியே கொட்டிவிடுவது. உள்ளே கூடு. உலோகமும் எடையும் குறைவதால் விலையும் குறைவு. உயரம் 54 மி.மீ., அதாவது நிஜ மனிதனில் கிட்டத்தட்ட 32-இல் ஒரு பங்கு.

வெல்ஸ் தேர்ந்தெடுத்தது உள்ளூர் கம்பெனிகளின் அளவைத்தான். எல்லாச் சிப்பாயும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று புத்தகத்திலேயே சொன்னார். வெளிநாட்டுப் பொம்மைகள் ஆளுக்கொரு சைஸில் வருகின்றன என்பது அவருடைய குறை. இது வெறும் அழகுக்காக அல்ல. நிஜமாகவே சுட்டு வீழ்த்தும் விளையாட்டில் உயரமான சிப்பாய் எளிதில் அடிபடுவான், குள்ளமானவன் தப்பிப்பான். சைஸ் மாறினால் ஆட்டத்தில் நியாயம் இல்லை.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு இடம் உண்டு. பிரிட்டன்ஸ் கம்பெனி தயாரித்த இந்தியப் படை செட்டுகளில் மெட்ராஸ் காலாட்படையும் இருந்தது. ஆங்கிலேயச் சிறுவர்களின் வீட்டுத் தரையில் 54 மி.மீ. மெட்ராஸ் சிப்பாய்களும் நின்றார்கள்.

ரூல்ஸ் என்ன?

ரொம்ப சிம்பிள். காலாட்படை ஒரு முறைக்கு 1 அடி நகரலாம். குதிரைப்படை 2 அடி. பீரங்கிக்கு அருகில், 6 அங்குலத்துக்குள், குறைந்தது 4 சிப்பாய்கள் இருந்தால்தான் அது இயங்கும். ஒரு முறைக்கு 4 குண்டுகள் வரை சுடலாம். 30 சிப்பாய்களை நகர்த்த 1 நிமிடம், ஒவ்வொரு பீரங்கிக்கும் கூடுதலாக 1 நிமிடம். நேரம் முடிந்தால் முடிந்ததுதான்.

பகடை கிடையாது. குண்டு பட்டு விழுந்தால் சிப்பாய் காலி. கைகலப்பு வந்தால் ஆளுக்கு ஆள் கணக்கு. அதிர்ஷ்டத்தைக் குறைத்து, முடிவெடுக்கும் பதற்றத்தைக் கூட்டுவதுதான் நோக்கம்.

ராணுவத்தில் பெரிய பதவியில் இருந்தவர்களும் அவரோடு ஆடினார்கள். யாராக இருந்தாலும் சீக்கிரமே குழம்பித் தடுமாறினார்கள் என்று வெல்ஸ் பதிவு செய்தார். தரையில் நூறு பொம்மைகளைச் சமாளிக்க முடியாதவர்கள் லட்சக்கணக்கான உயிர்களை வைத்து என்ன செய்வார்கள்? அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதி எழுப்பும் கேள்வி இதுதான். மூன்று நான்கு தடவை ஆடினாலே நிஜப் போர் எவ்வளவு அபத்தமானது என்று புரிந்துவிடும் என்பது அவர் வாதம். பொம்மைப் போரில் விதவைகள் இல்லை, அனாதைகள் இல்லை.

1914: மெட்ராஸ் கொலுவும் எம்டனும்

புத்தகம் வந்த மறுவருஷம், 1914 ஆகஸ்ட்டில் முதல் உலகப் போர் வெடித்தது. வெல்ஸ் என்ன செய்தார்? எதிர்ப்பார் என்றுதானே நினைப்போம். ஆதரித்தார். ஜெர்மனியின் ராணுவ வெறியை வீழ்த்திவிட்டால் இனிமேல் போரே வராது என்று தொடர்ந்து கட்டுரைகள் எழுதினார். அதே ஆண்டு அவை புத்தகமாகவும் வந்தன. 'போர்களை முடித்துவைக்கும் போர்' என்று உலகம் அதைச் சொல்ல ஆரம்பித்தது அந்தப் புத்தகத்தின் தலைப்பிலிருந்துதான்.

போர் ஐரோப்பாவோடு நிற்கவில்லை. 1914 செப்டம்பர் 22, வெல்ஸின் 48-வது பிறந்தநாளுக்கு அடுத்த நாள். மெட்ராஸில் நவராத்திரி நடந்துகொண்டிருந்தது, மூன்றாம் நாள் இரவு. கொலுப்படிகளில் பொம்மைகள் நின்றிருந்த அந்த நேரத்தில், ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் துறைமுகத்துக்கு அருகே வந்து சுமார் 130 குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் பற்றி எரிந்தன. சிலர் உயிரிழந்தார்கள். பயத்தில் மக்கள் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு இன்றும் உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இருக்கிறது. கில்லாடியான ஆளைப் பார்த்து 'சரியான எம்டன்' என்று சொல்வதும் அந்த இரவு விட்டுச்சென்ற வார்த்தைதான்.

அந்தப் போரில் 10 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. ஈயச் சிப்பாய் விழுந்தால் எடுத்து மறுபடி நிறுத்தலாம். இவர்களை நிறுத்த முடியாது.

மனம் மாறியவர்

வெல்ஸின் உற்சாகம் நீடிக்கவில்லை. 1916-இல் வெளியான 'மிஸ்டர் பிரிட்லிங்' நாவலில், போரை ஆதரித்த ஒரு எழுத்தாளர் அந்தப் போரிலேயே மகனைப் பறிகொடுக்கிறார். கிட்டத்தட்டத் தன்னையே அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தார் வெல்ஸ். 1918-இல் அரசின் பிரசாரப் பிரிவில் வேலை பார்த்தார். ஆனால் அதன்பின் வாழ்நாள் முழுக்க நாடுகளுக்கு மேலான ஒரு உலக அரசைப் பற்றியே பேசினார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மனித உரிமைகளுக்கான சாசனம் வேண்டும் என்று பிரசாரம் செய்தார்.

1914-இல் வந்த அவரது இன்னொரு நாவலான 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ'யில் அணுகுண்டு என்ற ஆயுதத்தைக் கற்பனை செய்திருந்தார். 1945-இல் ஹிரோஷிமாவில் அது நிஜமானதையும் பார்த்தார். அதே ஆண்டு டிரெஸ்டன் மீதான விமானத் தாக்குதலில் ஹைடே பொம்மைத் தொழிற்சாலையும் அழிந்துபோனது. 1946 ஆகஸ்ட் 13-ஆம் தேதி லண்டனில் வெல்ஸ் காலமானார். வயது 79.

இன்றைய மேஜையில்...

விளையாட்டு மட்டும் சாகவில்லை. பிரிட்டன்ஸ் 1966-இல் கூடு ஈயச் சிப்பாய்களை நிறுத்தியது. அதற்கு முன்பே, 1959-லிருந்து ஏர்ஃபிக்ஸ் கம்பெனி விலை குறைந்த பிளாஸ்டிக் சிப்பாய்களைக் கொண்டுவந்திருந்தது. பிரிட்டன்ஸ் உயரத்தில் பாதிக்கும் குறைவு. பெரிய ஹால் தேவையில்லை, சாப்பாட்டு மேஜை போதும்.

1971-இல் 'செயின்மெயில்' என்ற ரூல் புக்கில் டிராகனும் மந்திரவாதியும் நுழைந்தார்கள். அதிலிருந்து 1974-இல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பிறந்தது. அதன் படைப்பாளிகளில் ஒருவரான கேரி கைகாக்ஸ், 2004-இல் வெளிவந்த 'லிட்டில் வார்ஸ்' மறுபதிப்புக்கு முன்னுரை எழுதினார். 1983-இல் கேம்ஸ் வொர்க்ஷாப் 'வார்ஹாமர்' விளையாட்டைத் தொடங்கியது.

அளவுச் சண்டை இப்போதும் ஓயவில்லை. இன்று பரவலான சைஸ் 28 மி.மீ. ஆனால் அதை எப்படி அளப்பது? சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளக்கிறார்கள், சிலர் உச்சந்தலை வரை. கேம்ஸ் வொர்க்ஷாப்பின் ஃபேன்டஸி வீரர்களுக்குத் தலையும் கையும் வேண்டுமென்றே பெரிசு. வரலாற்றுப் படைகளுக்குப் பேர் போன பெர்ரி மினியேச்சர்ஸ் பொம்மைகள் நிஜ மனித உடல்வாகில் ஒல்லியாக இருக்கும். பெட்டியில் இரண்டும் 28 மி.மீ.தான். பக்கத்தில் வைத்தால் அண்ணனும் தம்பியும் மாதிரி தெரியும். பெரிய போர்க்களம் வேண்டுபவர்கள் 15 மி.மீ. அல்லது அரிசி மணி அளவுள்ள 6 மி.மீ. பக்கம் போகிறார்கள். முகம் தெரியாது, ஆனால் படை தெரியும்.

எனவே புதிதாகத் தொடங்குபவர்களுக்கு 1913-இல் வெல்ஸ் சொன்ன பாடமே இன்றும் போதும். முதலில் ஒரு அளவை முடிவு செய்யுங்கள், பிறகு கம்பெனியைப் பாருங்கள், லேபிளை நம்பாமல் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மாட வீதியில் கொலு பொம்மை வாங்கவும் இதே ரூல்தான்.

அவருடைய இன்னொரு பாடம் அவருக்கே கைகொடுக்கவில்லை. சின்னப் போர் ஆடியவர்கள் பெரிய போரை வெறுப்பார்கள் என்று எழுதியவர், பெரிய போர் வந்ததும் அதற்குக் காரணம் கண்டுபிடித்தார். அந்தத் தவறை உணர அவருக்கு சில வருஷங்கள் ஆயின. அதற்குள் மெட்ராஸ் வரை குண்டு விழுந்திருந்தது.