நாற்பதில் வாய்த்த பீடம்

நான் இலக்கணம் கற்பிப்பவன். கணிதம் எனது துறையன்று. எனினும் ஜேர்மனியக் கணித மேதை கார்ல் வையர்ஸ்ட்ராஸ் பதினான்கு ஆண்டுகள் பள்ளி உபாத்தியாயராயிருந்தவர். அவ்வுரிமை பற்றியே அவர் சரிதத்தைச் சொல்லத் துணிகின்றேன்.

1815 இல் வெஸ்ட்பாலியாவின் ஒஸ்டன்பெல்டே என்னும் சிற்றூரிற் பிறந்தார். மைந்தன் பிரஷிய அரசில் உத்தியோகம் வகிக்கவேண்டுமெனத் தந்தையார் விரும்பினார். அதன்பொருட்டு 1834 இல் சட்டமும் நிதியியலும் கற்குமாறு பான் நகரச் சர்வகலாசாலைக்கு அனுப்பினார். மனங்கொள்ளாத கல்வி எங்ஙனம் ஏறும்? வாட்பயிற்சியிலும் மதுச்சாலையிலும் நான்கு ஆண்டுகள் கழிந்தன. பட்டமின்றி மீண்டார். லப்பிளாஸ் முதலியோர் நூல்களைத் தனியே பயின்றமை ஒன்றே அக்காலத்து ஊதியம்.

1839 இல் ஆசிரியத் தராதரம் பெறும்பொருட்டு மூன்ஸ்டர் சென்றார். ஆங்கே குடர்மான் நீள்வளையச் சார்புகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். முதல்நாள் பதின்மூவர் வந்தனரென்றும், பின்னர் வையர்ஸ்ட்ராஸ் ஒருவரே எஞ்சினாரென்றும் கூறுவர்.

1842 முதல் டொய்ச்-குரோனேயிலும், 1848 முதல் பிரவுன்ஸ்பேர்க்கிலும் பள்ளிப்பணி. கணிதத்தோடு பூகோளம், தாவரவியல், உறுப்பெழுத்து, தேகாப்பியாசம் யாவும் கற்பித்தார். கணிதம் உசாவத் துணையில்லை. இரவுகளே ஆராய்ச்சிக்கு எஞ்சின. ஏபெலின் தொகையீடுகள் பற்றிய அரிய கட்டுரையொன்றைப் பிரவுன்ஸ்பேர்க் பள்ளியின் ஆண்டறிக்கையிலே வெளியிட்டார். பள்ளி அறிக்கையை யார் புரட்டிப் பார்க்கின்றனர்? அறிஞர் எவரும் கண்டிலர்.

1854 இல் கிரெல்லேயின் கணித சஞ்சிகையில் ஏபெல் சார்புகள் பற்றிய கட்டுரை வந்தபோதுதான் உலகம் விழித்தது. கோனிக்ஸ்பேர்க் சர்வகலாசாலை கௌரவ கலாநிதிப் பட்டம் அளித்தது. 1856 இல், நாற்பதாம் வயதில், பேர்லினில் பேராசிரியப் பணி கிடைத்தது.

அவர் அங்கு வகுத்த பாடநெறியே என்னைப் பெரிதும் கவர்ந்தது. இரண்டாண்டுக் காலத்தில் முடியும் விரிவுரை வரிசையொன்றை அவர் காலப்போக்கில் அமைத்து, மீண்டும் மீண்டும் நடத்தினார். பகுமுறைச் சார்புகளுக்கு அறிமுகம் முதலில். நீள்வளையச் சார்புகளும் ஏபெல் சார்புகளும் அதன்மேல். மாறல் நுண்கணிதமும் வரிசையில் இடம்பெற்றது. அறிமுகமோ எண் என்பது யாது என்னும் வினாவிலிருந்தே தொடங்கிற்று. எழுத்து முடித்தே சொல்லுக்குச் செல்லும் நமது மரபு போன்றது இது. நிறுவாத எதையும் படத்தைக் காட்டி நம்புமாறு அவர் சொல்லவில்லை. படம் ஏய்க்கும் என்பதற்கு 1872 இல் சான்றும் தந்தார்: எங்கும் அறாது தொடர்ந்தும், எப்புள்ளியிலும் தொடுகோடு வரையவியலாத வளைகோடு! துணையின்றிக் கற்றவர்க்கே அடித்தளத்தில் இத்துணைக் கவலை பிறக்கும் என எண்ணுகின்றேன். ஆயினும் பள்ளி ஆண்டுகள் அவரைப் பக்குவப்படுத்தின என்போரோடு நான் உடன்படேன். உடலை அவை உருக்கின.

1861 இறுதியில் நோயுற்று வீழ்ந்தார். அதன்பின் அமர்ந்தவாறே விரிவுரை நிகழ்த்த, மாணாக்கர் ஒருவர் கரும்பலகையில் எழுதினார். 1870 இல் வந்த சோபியா கோவலெவ்ஸ்காயாவைப் பெண்ணென்று சர்வகலாசாலை ஏற்க மறுத்தபோது, தம் விரிவுரைகளை நான்காண்டு அவர்க்குத் தனியே கற்பித்தார். 1874 இல் அவ்வம்மையார் கொட்டிங்கன் வழங்கிய கலாநிதிப் பட்டம் பெற்றார்.

வையர்ஸ்ட்ராஸ் அச்சிட்டவை சில. மாணாக்கரின் குறிப்பேடுகளே அவர் நெறியைப் பரப்பின. 1897 இல் மறைந்தார். அதற்கு மூன்றாண்டு முன்னர் வெளிவந்த அவர் நூற்றொகுதியின் முதற்பாகத்தில், பிரவுன்ஸ்பேர்க் பள்ளி அறிக்கைக் கட்டுரையும் இடம்பெற்றுள்ளது.