நாவலர் கேசவ சந்திர சேன்

சமயப் பிரசாரகர்கள் ஊர் ஊராகச் செல்கிறார்கள். சென்ற இடமெல்லாம் மாலையும் மரியாதையும் அவர்களை எதிர்கொள்கின்றன. உள்ளூர் அன்பர்கள் அவர்களுடைய குறைகளை அறியமாட்டார்கள். நிறைகளை மட்டுமே காண்பார்கள். ஆகவே விருந்தினராக வரும் பிரசாரகருக்கு நேரும் சோதனை, வீட்டிலிருப்பவருக்கு நேர்வதைவிட நுட்பமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டு வங்காளத்தில் இச்சோதனையை முழு அளவில் அனுபவித்தவர் கேசவ சந்திர சேன்.

1838-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் கல்கத்தாவில் செல்வாக்குமிக்க குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். 1857-இல் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தார். 1862-இல் மகரிஷி தேவேந்திரநாத தாகூர் அவரை ஆசாரியராக நியமித்தபோது அவருக்கு வயது 23. 1864-இல் அவர் சென்னைக்கும் பம்பாய்க்கும் பயணம் செய்து சொற்பொழிவாற்றினார். சென்னையில் வேத சமாஜம் தோன்றியது அந்த வருகையின் பயனே. 1866-இல் தேவேந்திரநாதரிடமிருந்து பிரிந்து, பாரதவர்ஷீய பிரம்ம சமாஜத்தை நிறுவினார்.

சோதனை வெளிப்படையாகத் தலைகாட்டியது 1868-இல், முங்கேரில். அங்கே பக்திப் பெருக்கில் அன்பர்கள் அவருடைய காலில் விழுந்தனர். தங்களுக்காக இறைவனிடம் பரிந்து பேசும்படி வேண்டினர். மனிதனை வழிபடுகிறார்கள் என்ற கண்டனம் பத்திரிகைகளில் எழுந்தது. தமக்கு அத்தகைய நிலை எதுவும் இல்லை என்று கேசவர் மறுத்தார். எனினும் அந்த வழிபாட்டை அவர் கண்டிப்புடன் தடுத்திருக்கலாம் என்று கருதியவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை.

1870-இல் இங்கிலாந்தில் சுமார் ஆறு மாத காலம் தங்கினார். தேவாலயங்களிலும் மண்டபங்களிலும் அவர் பேசுவதைக் கேட்க மக்கள் திரண்டனர். விக்டோரியா மகாராணி அவருக்குப் பேட்டியளித்தார். ஒன்றை இங்கே பாராட்டியே ஆகவேண்டும். விருந்தோம்பியவர்களை மகிழ்விப்பதற்காக அவர் பேசவில்லை. இந்தியாவுக்கு இங்கிலாந்து ஆற்றவேண்டிய கடமைகளைக் குறித்து லண்டனிலேயே மேடையேறி, அங்கிருந்து இங்கு வந்த ஆங்கிலேயரின் நடத்தையைக் கடிந்துரைத்தார்.

1875 மார்ச் மாதம். பேல்கரியாவில் ஒரு தோட்ட வீட்டில் சீடர்களுடன் சாதனையில் ஈடுபட்டிருந்த கேசவரைத் தேடி, எளிய வேட்டியுடன் ஸ்ரீராமகிருஷ்ணர் வந்தார். அழைப்பின்றி வந்த விருந்தினர் அவர். முதலில் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. கேசவரின் வால் உதிர்ந்துவிட்டது என்று அவர் கூறியதும் சீடர்கள் நகைத்தனர். கேசவர் அவர்களை அடக்கினார். வால் உதிர்ந்த தவளைக்குஞ்சு நீரிலும் நிலத்திலும் வாழ்வதுபோல, கேசவரின் மனம் உலகிலும் இறைவனிடமும் இருக்கவல்லது என்று குருதேவர் விளக்கினார். அதன்பின் கேசவர் அவரைப் பற்றித் தம் பத்திரிகையில் எழுதினார். கல்கத்தாவின் படித்த வர்க்கம் தட்சிணேசுவரத்தின் பக்கம் திரும்பியது அதனால்தான்.

பெரும் சபைகளை மயக்கிய அந்த நாவலர் குருதேவரின் முன்னிலையில் பேசத் தயங்கினார். அது கொல்லனிடமே ஊசி விற்பதாகும் என்று அவர் கூறியதாக வரலாறு. நம் தமிழிலும் கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் பற்றிப் பழமொழி உண்டு.

ஆனால் அகங்காரம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. நான் தலைவன் என்ற எண்ணத்தை விட்டுவிடும்படி குருதேவர் கூறியபோது, அதை விட்டால் சமாஜத்தை எப்படிக் கட்டிக்காப்பது என்று கேசவர் கவலைப்பட்டார். காயான நானை மட்டும் விடு, இறைவனின் அடியவன் என்ற கனிந்த நான் இருக்கட்டும் என்பது குருதேவரின் விளக்கம். கேசவரின் கவலையை நாம் ஏளனம் செய்வதற்கில்லை. நிறுவனங்களில் பணிபுரியும் எவரும் அதை அறிவர்.

1878 மார்ச்சில் பேரிடி விழுந்தது. திருமண வயதைப் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என வரையறுத்த 1872-ஆம் ஆண்டுச் சட்டத்திற்காகப் பாடுபட்டவர் கேசவர். அவரே, 14 நிறையாத தம் மகள் சுநீதியை, 16 நிறையாத கூச் பிகார் மகாராஜாவுக்கு மணம் செய்வித்தார். அது இறைவனின் ஆணை என்று நம்பினார். தோழர்கள் பலர் விலகி மே மாதம் சாதாரண பிரம்ம சமாஜத்தை அமைத்தனர். ஆணை பெறாதவன் பிரசாரம் செய்யலாகாது என்பது குருதேவரின் கருத்து. எந்தக் குரல் ஆணை, எது நம் விருப்பம் என்று பிரித்தறிவதோ கேசவரைப் போன்ற அறிஞருக்கும் கடினமாயிற்று.

1883 நவம்பர் 28. நோயுற்ற கேசவரைக் காண ஸ்ரீராமகிருஷ்ணர் கமல குடீரத்திற்கு வந்தார். எலும்பும் தோலுமாய், சுவரைப் பிடித்தபடி கேசவர் அறைக்குள் வந்து, தரையில் தலைவைத்து வணங்கினார். நல்ல பனி ஏற்கவேண்டுமென்று ரோஜாச் செடியின் வேரைத் தோட்டக்காரன் தோண்டிவிடுவதைக் குருதேவர் எடுத்துக்காட்டினார். முன்பு கேசவர் நோயுற்றபோது அன்னை சித்தேசுவரிக்கு இளநீரும் சர்க்கரையும் நேர்ந்துகொண்டதையும், இம்முறை மனம் அந்த அளவு தவிக்கவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். மகனை ஆசீர்வதிக்கும்படி கேசவரின் தாயார் வேண்டினார். ஆசீர்வதிக்கத் தமக்கு என்ன சக்தி இருக்கிறது, அன்னையே ஆசீர்வதிப்பாள் என்று அவர் கூறிவிட்டார்.

1884 ஜனவரி 8-ஆம் நாள் கேசவர் மறைந்தார். செய்தி கேட்ட குருதேவர், தம் அங்கம் ஒன்று செயலிழந்தது போன்ற வேதனையுடன் மூன்று நாட்கள் படுக்கையை விட்டு எழவில்லை.