யாழ் நரம்பை அளந்த துறவி: சுவாமி விபுலாநந்தர்

காலை மணி அடித்ததும் பிரார்த்தனை மண்டபத்தில் தேவாரம் பாடுவோம். அது முடிந்து சிறிது நேரத்தில் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் நிற்போம். நெற்றியில் திருநீறு, கையில் அளவி. தொண்ணூறுகளில் குப்பி விளக்கின் ஒளியில் உயர்தர விஞ்ஞானம் படித்த எமக்கு இவ்விரண்டும் பொருந்துமா என்ற ஐயம் அக்காலத்திலேயே இருந்தது. மண்டபத்தில் கேள்வி கேட்கக் கூடாது, ஆய்வுகூடத்தில் கும்பிடக் கூடாது என்று நாமே ஒரு கோடு கீறிக்கொண்டோம். அந்தக் கோட்டை அழிக்க எமக்குத் துணைநின்றது ஒரு பெரியாரின் வாழ்க்கை. ஆண்டுதோறும் தமிழ்த்தினத்தில் அவர் படத்துக்கு மாலை சூட்டினோம். ஆனால் அவரும் ஒரு விஞ்ஞான ஆசிரியர் என்பதை நாம் அன்று எண்ணிப் பார்க்கவில்லை.

1892 மார்ச் 27ஆந் திகதி மட்டக்களப்புத் தமிழகத்தின் காரைதீவிலே சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியரின் மகனாகப் பிறந்தவர் மயில்வாகனன். கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் கற்றார். சைவ வீட்டுப் பிள்ளைக்குக் கிறிஸ்தவக் கல்லூரியே கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் கொடுத்தது. ஆசிரியப் பயிற்சி பெற்றுக் கற்பித்து வந்தவர், பின்னர் கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். ஒன்றைப் பிடிப்பதற்காக மற்றொன்றை அவர் கைவிடவில்லை.

1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். கற்பித்துக்கொண்டே தாமாகப் படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தையும் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பட்டமும் பதவியும் கைக்கு வந்த அந்த வயதில் நம்மவர்கள் வீடு கட்டுவார்கள், கலியாணம் பேசுவார்கள். அவரோ 1922இல் எல்லாவற்றையும் விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்று விபுலாநந்தரானார்.

விஞ்ஞானத்திற் சலிப்புற்றுத் துறவியானார் என்று சிலர் எண்ணக்கூடும். பின்னர் அவர் செய்த பணிகளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஊருக்குத் திரும்பி மடத்தின் பாடசாலைகளை நடத்தினார். மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானபோது, அயலிலிருந்த திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தார். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு கருத்துக்கும் திட்டமான ஒரு சொல் வேண்டும் என்பதே அம்மாநாட்டின் நோக்கம். காவியுடுத்த ஒருவர் இரசாயனச் சொற்களை எடைபோட்டுக்கொண்டிருந்த காட்சியை எண்ணும்போது எமக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நாம் உயர்தரத்திற் கற்ற தமிழ் விஞ்ஞானப் பாடநூல்களுக்குப் பின்னால் அத்தலைமுறையினரின் உழைப்பு இருக்கிறது.

அவருடைய மனப்போக்கைத் தெளிவாகக் காட்டுவது யாழ்நூல். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியனின் தகைமையைக் கூறும் சில அடிகளே அந்நூலின் வித்து. யாழ் என்ற கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கடந்துவிட்டன. அதைப் பார்த்தவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. பழம்பெருமை பேசுவதற்கு இது நல்ல வாய்ப்பு. அடிகளார் பெருமை பேசவில்லை, கணக்குப் போட்டார்.

பௌதிகவியல் வகுப்பில் நாமும் இதைச் செய்திருக்கிறோம். இழுவிசை மாறாத ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால் மீடிறன் இரட்டிக்கும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் மீடிறன் ஒன்றரை மடங்காகும். குரல் என்னும் சுரத்திலிருந்து எண்ணும்போது ஐந்தாவதாக வரும் இளி அதுதான். இத்தகைய விகிதங்களைக் கொண்டு அடிகளார் பழைய பாலைகளையும் பண்களையும் கணித்து, வில்யாழ், பேரியாழ், சீறியாழ், சகோடயாழ் முதலியவற்றின் அமைப்பை ஆராய்ந்தார். தேவாரப் பண்களுக்கென்றே ஓர் இயல் எழுதினார். நாம் பிரார்த்தனை மண்டபத்திற் பாடியதும் ஆய்வுகூடத்தில் அளந்ததும் அந்நூலில் ஒரே பக்கத்தில் வந்து சேர்கின்றன.

வேதாந்தியான அவருக்கு உண்மை ஒன்றே. அதனால் மெய்யான அறிவு எதுவும் இறைவனுக்கு அந்நியமானதல்ல. ஆயினும் அவர் பக்தியைக் காட்டிக் கணக்கைத் தளர்த்தவில்லை. கணக்கைக் காட்டிப் பக்தியை நிரூபிக்கவும் முற்படவில்லை. எல்லாம் எம் முன்னோர்க்கு முன்னமே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் சுலபம். இரண்டிலும் உழைப்பில்லை. அடிகளார் இரு கரைகளிலும் ஊன்றி நின்று உழைத்தார்.

இதை நாம் விளங்கிக்கொண்டது நூலகத்தில் அல்ல, நோயாளர் விடுதியில்தான். வைத்தியராகிய புதிதில், நீரிழிவுள்ள ஓர் அம்மா கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம் இருக்கப்போவதாகச் சொன்னார். ஏசி அனுப்பினோம். விஞ்ஞானத்தின் பக்கம் நின்றதாக எமக்குப் பெருமை. அவர் விரதத்தையும் விடவில்லை, எம்மிடம் திரும்பியும் வரவில்லை. மாதங்கள் கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வந்தார். விரல் ஒன்றை அகற்ற வேண்டியதாயிற்று. அவர் எம்மைக் குறை சொல்லவில்லை. பிள்ளை ஏசும் என்று பயந்துதான் வரவில்லை என்றார்.

அன்றிலிருந்து ஐப்பசி பிறக்குமுன்னரே விரதம் இருப்பவர்களை அழைத்துப் பேசுகிறோம். நோன்பு காலத்து முஸ்லிம் தாய்மாரிடமும் அப்படியே. மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றுகிறோம். சீனியின் அளவு எந்த எல்லையைத் தாண்டினால் விரதத்தை முடித்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். விரதம் இருக்கவே கூடாதவர்களுக்கு அதைக் கைபிடித்துச் சொல்கிறோம். அளவில் விட்டுக்கொடுப்பு இல்லை. அவர்களுடைய நம்பிக்கையை இகழ்வதுமில்லை.

1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான அடிகளார், உடல் தளர்ந்த நிலையிலும் யாழ்நூலை நிறைவு செய்தார். 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் வெளியிட்ட அந்நூல் அரங்கேறியது. அவர் கணித்த முறைப்படி செய்யப்பட்ட யாழ்கள் அங்கே ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டு இசைக்கப்பட்டன. நூற்றாண்டுகளாக மௌனமாயிருந்த நரம்பு, கணக்கின் துணையால் கோயிலிலே பேசியது. ஏறக்குறைய ஆறு வாரங்களின் பின், யூலை 19ஆந் திகதி, தமது 55ஆவது வயதில் அவர் இறையடி சேர்ந்தார். மட்டக்களப்பில் அவர் வளர்த்த சிவானந்த வித்தியாலய வளவிலேயே அவரது சமாதி இருக்கிறது.

நூறாண்டு காணும் எமது கல்லூரியில் இன்றும் மண்டபமும் ஆய்வுகூடமும் ஒரே முற்றத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. அம்முற்றத்தைக் கடந்து செல்லும் தங்கைமாரே, நாம் கீறிய கோட்டை நீங்கள் கீற வேண்டாம். மண்டபத்திலும் கேள்வி கேளுங்கள். ஆய்வுகூடத்திலும் பணிவோடிருங்கள்.