காகிதத் துளைகளில் மிஞ்சிய ஸ்கொட் ஜொப்ளின்

பழைய இசைத்தட்டுகளைச் சேர்ப்பவர்கள் கலைஞரின் சொந்த வாசிப்பைத்தான் முதலில் தேடுவார்கள். ஸ்கொட் ஜொப்ளின் விடயத்தில் அந்தத் தேடல் ஓரிடத்தில் முட்டி நின்றுவிடும். ‘ராக்டைம்’ இசையின் அரசன் என்று அமெரிக்கா கொண்டாடும் அந்தக் கறுப்பினக் கலைஞர், ஒலிப்பதிவுக் கருவியின் முன் வாசித்த பதிவு ஒன்றுகூட இன்று இல்லை. அவரது கைவாசிப்பாக அறியப்பட்டவை, தானியங்கிப் பியானோவுக்கான ஏழு காகிதச் சுருள்கள் மட்டுமே. நான் சேர்த்துவரும் ஜொப்ளின் தட்டுகள், அத்தகைய சுருள்களைப் பிற்காலத்தில் ஒரு பியானோவில் ஓடவிட்டுப் பதிவு செய்தவை.

ஜொப்ளின் 1868 அளவில் டெக்ஸாஸில் பிறந்தவர். தந்தை அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். தாய் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்யப் போவார். அங்கிருந்த பியானோவில் மகன் விரல் பழகினான். ஜூலியஸ் வைஸ் என்ற ஜெர்மானிய ஆசிரியர் காசு வாங்காமல் கற்பித்தார். 1899 இல் மிசூரி மாநிலத்தின் செடாலியாவில் ஜோன் ஸ்டார்க் வெளியிட்ட ‘மேப்பிள் லீஃப் ராக்’ அவரைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது. பிரதி ஒன்றுக்கு ஒரு சதம் உரிமைத்தொகை. அன்றைக்கு ஒரு கறுப்பினத்தவருக்கு இப்படியோர் ஒப்பந்தம் கிடைப்பதே அரிது.

ஆனால் அவர் மனம் ‘ட்ரீமொனீஷா’ என்ற ஒபேராவிலேயே கிடந்தது. 1911 இல் அதைத் தன் செலவில் அச்சிட்டார். 1915 இல் ஹார்லெமில் காட்சியமைப்பும் இல்லாமல், வாத்தியக்குழுவும் இல்லாமல், தானே பியானோ வாசித்து அரங்கேற்றிப் பார்த்தார். எடுபடவில்லை.

சுருள்கள் வருவது அதற்கு அடுத்த ஆண்டில். அப்போது சிபிலிஸ் நோய் அவரைத் தின்றுகொண்டிருந்தது. 1916 இல் கொனரைஸ்ட் நிறுவனத்துக்கு ஆறு சுருள்களும் யூனி-ரெக்கோர்டுக்கு ஒன்றும் வாசித்தார். கலைஞர் வாசிக்கும்போது ஓடும் காகிதத்தில் அடையாளங்கள் விழும். பின்னர் அவற்றின்படி துளையிடுவார்கள். பிழையான சுரத்தைத் திருத்துவதும் விடுபட்டதைச் சேர்ப்பதும் அந்த மேசையிலேயே நடக்கும். சாதாரணச் சுருளில் தொடுகையின் மென்மையோ அழுத்தமோ பதியாது. வேகத்தையும் பியானோவை இயக்குபவரே தீர்மானிக்கிறார்.

‘மேப்பிள் லீஃப் ராக்’கை அவர் இரு நிறுவனங்களுக்கும் வாசித்திருக்கிறார். கொனரைஸ்ட் சுருள் ஒழுங்காக நடக்கிறது. யூனி-ரெக்கோர்டு சுருளோ தடுமாறுகிறது. ராக்டைமில் இடதுகை கடிகாரம்போல் நடக்க வேண்டும், வலதுகைதான் தாளத்துக்குக் குறுக்கே ஓடும். இதில் இடதுகையே சீர்குலைகிறது. நோயின் கோலம் என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு இதுவே பெறுமதியானது. திருத்துபவரின் கை குறைவாகப் பட்ட இடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கேட்கச் சுகமாக இராது, அது வேறு கதை.

1917 ஏப்ரல் 1 ஆம் திகதி நியூயோர்க் மனநல மருத்துவமனை ஒன்றில் அவர் இறந்தார். குயீன்ஸில் உள்ள கல்லறைக்கு 1974 வரை பெயர்க்கல் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு ‘தி ஸ்டிங்’ திரைப்படம் அவரது ‘தி என்டர்டெய்னர்’ இசையை உலகெங்கும் கொண்டுசென்றிருந்தது. அந்த அலையில் ஜொப்ளின் பெயர் போட்ட தட்டுகள் குவிந்தன. வாங்குபவர்கள் உறையின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது: அவர் இயற்றியது வேறு, அவர் வாசித்தது வேறு. யாரோ ஒருவர் துளையிட்ட சுருளும் அவர் பெயரிலேயே விற்பனையாகும்.

ஏழில் ஒன்றான ‘பிளெசன்ட் மொமென்ட்ஸ்’ நெடுங்காலம் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது. 2006 ஓகஸ்டில் நியூசிலாந்தில் சுருள் சேர்ப்பவர் ஒருவர் அதைக் கண்டெடுத்தார். ராக்டைம் தாளத்தில் அமைந்த வால்ட்ஸ் அது. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து மறுபடி ஒலித்தது. உயிராய் நேசித்த ‘ட்ரீமொனீஷா’வுக்கு அப்படி ஒரு சுருள்கூட அவர் கையால் கிடைக்கவில்லை.