சிறைக்கு அஞ்சாத செல்வி!

பம்பாய் நகரம். தச்சர் குலம். 1864இல் பிறந்தாள் ருக்மாபாய். 11 வயதில் மணமேடை ஏற்றினர்! பொம்மை பிடித்த பிஞ்சுக் கையைத் தாதாஜி பிக்காஜி கையில் ஒப்படைத்தனர். மாற்றுத் தந்தையோ மருத்துவர் சகாராம் அர்ஜுன், அவர் இல்லத்திலேயே தங்கினாள், படித்தாள், சிந்தித்தாள்.

1884இல் கணவன் வழக்குத் தொடுத்தான். அறியாப் பருவத்து மணம் தன்னைக் கட்டுப்படுத்தாது என்றாள். 1885இல் நீதிபதி பின்ஹே அவள் பக்கம் நின்றார். அதே ஆண்டு, பெயர் மறைத்து, பால்ய மணத்தின் கொடுமையை ஆங்கில ஏட்டில் எழுதினாள். வைதிகம் கொதித்தது! திலகரின் ஏடு சீறியது! மேல்முறையீடு சென்றது, தீர்ப்பு மாறியது. 1887இல் ஆணை பிறந்தது: கணவன் வீடு, அல்லது 6 மாதச் சிறை!

எதை ஏற்றாள்? சிறையை! மாளிகை வாழ் மன்னருக்கும் வாராத மனத்திண்மை அது.

1888இல் 2000 ரூபாய் கொடுத்து வழக்கு முடிந்தது. பொருளால் தீர்ந்தது வழக்கு. துணிவால் வென்றது கொள்கை. லண்டன் சென்றார், 1894இல் மருத்துவரானார், சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பெண்களின் பிணி தீர்த்தார். 1955இல் மறைந்தார் அம்மையார்.

அவர் மூட்டிய கனல் வீணாகவில்லை. 1891இல் சம்மத வயது 10லிருந்து 12 ஆயிற்று. பெண்ணின் மணவயது 1929இல் 14, 1978இல் 18.

சட்டம் வந்துவிட்டது, தோழர்களே! ஆனால் நம் தெருவுக்கு வந்ததா? வரன் வந்தது, வசதியாய் வந்தது என்று மகளின் பள்ளிப் பையைப் பறிக்கும் தந்தை நம்மிடையே இல்லையா? உழைத்துக் காய்த்த கையால் அந்தப் பையை மீண்டும் அவள் தோளில் மாட்டுங்கள். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் வணக்கம்!