புகைக் கவசத்துடன் கடலில் இறங்கியவர்!

சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு வெடிமருந்தின் குணம் தெரியும். தீ விபத்தில், நெருப்புக்கு முன்பே புகை ஆளை வீழ்த்திவிடும் என்பதும் தெரியும்.

இங்கிலாந்தில் ஜான் டீன், சார்லஸ் டீன் என்று இரு சகோதரர்கள் இருந்தார்கள். புகைக்குள் நுழைவோருக்காக ஒரு தலைக்கவசம் செய்தார்கள். குழாய் வழியாக அதற்குள் காற்று வரும். 1823-ல் சார்லஸ் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

புகைக்குள் மூச்சு விடலாம் என்றால், நீருக்குள் ஏன் முடியாது? அதே கவசத்தைக் கடலுக்கு ஏற்றபடி மாற்றினார்கள்.

ஆனால், அதன் அடிப்பக்கம் திறந்திருக்கும். கால் தவறி விழுந்தால் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். உயிருக்கே ஆபத்து!

கடலடியில் பீரங்கி

1836-ல் போர்ட்ஸ்மவுத் அருகே மீனவர்களின் வலை எதிலோ சிக்கிக்கொண்டது. ஜான் டீன் குளிர்ந்த கடலில் இறங்கினார். அடியில் பழைய கப்பல்! வெண்கலப் பீரங்கி!

அது எட்டாம் ஹென்றி மன்னரின் "மேரி ரோஸ்" என்ற போர்க்கப்பல். 1545-ல் போரின்போது மூழ்கியது.

1840-ல் வெடிமருந்தை நீருக்குள் வெடித்து, மண்ணைக் கிளறி, மேலும் பல பொருள்களை டீன் எடுத்தார். பிறகு அந்த இடத்தை உலகம் மறந்தது.

1884-ல் டீன் காலமானார். 1982-ல் அந்தக் கப்பலின் உடற்பகுதி மேலே தூக்கப்பட்டது. மூழ்கி 437 ஆண்டுகளுக்குப் பிறகு!

தீயிலிருந்து உயிர் காக்கப் பிறந்த கவசம், கடலின் கதவைத் திறந்துவிட்டது.